வெளிக்கிட்ட ஊர்

கனடாவின் பிக்கரிங்கில் எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் நின்று நான் வருடக்கணக்காகக் கத்திவந்த ஒரு கேள்வி உண்டு. "வெளிக்கிட்டியோ?" பள்ளிக்கூட பஸ்ஸுக்கு, நீச்சல் வகுப்புக்கு, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு, யாரோ ஒருவரின் பிறந்தநாள் மண்டபத்துக்கு. மேலே மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மகள் "ஓம், வெளிக்கிட்டன்" என்பாள். அதன் பிறகும் அவள் கீழே வந்து சேர நேரம் எடுக்கும். சப்பாத்து, கைப்பை, மறந்துபோன சார்ஜர், திரும்பவும் ஒருமுறை கண்ணாடி. நான் காரை ஸ்ரார்ட் பண்ணிவிட்டு, வெளிக்கிட்டவள் ஏன் இன்னும் வரவில்லை என்று புறுபுறுத்துக்கொண்டு இருப்பேன். அவளுடைய சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படியல்ல என்று எனக்குத் தெரியவந்தது போன கோடையில், நாட்டின் மறு கரையில், மழையில் நனைந்த ஓர் இறங்குதுறையில்.

கப்பல் பயணம் மகளின் யோசனை. படிப்பை முடித்து, வேலை தொடங்குவதற்கு இடையில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு இருந்தது. "அப்பா, கனடாவிலை இத்தனை வருசம் இருக்கிறியள். பிக்கரிங்கையும் டவுன்டவுனையும் தவிர என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று கேட்டாள். நான் நயாகராவைச் சொன்னேன். அவள் சிரித்த விதத்தில் மனைவி அன்றைக்கே ரிக்கெற் பார்க்கச் சொல்லிவிட்டாள். வன்கூவரில் ஏறி, மேற்குக் கரையோரமாக வடக்கே போகும் கப்பல். ஸ்காபரோவிலிருந்து இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. அவர்களில் ஓர் அண்ணை, எனக்குப் பத்து வயது மூத்தவர், முதல் நாளே சாப்பாட்டுக்கூடத்தில் தன் சட்டைப்பையிலிருந்து இடித்த மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, இது என்ரை பாஸ்போட்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு ஆட்களுக்குக் குறைவில்லை.

நான் ஒரு நகரசபையின் குடிநீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பதற்றக்காரன் என்று வீட்டில் எனக்குப் பெயர். அதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை. கப்பலில் ஏறியதும் மற்றவர்கள் நீச்சல் தடாகத்தைத் தேடினார்கள். நான் உயிர்காப்புப் படகு எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நான் சொல்லவந்த ஊரை ஒரு காலையில் அடைந்தோம். பெயரை விட்டுவிடுகிறேன். முதலில் ஊர் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்க மரம், மரங்களின் இடுப்பில் முகில். கப்பல் ஆற்றைப் போல ஒடுங்கிய கடலுக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் மேல்தட்டில் மழைக்கோட்டுடன் நின்றோம்.

"ஊர் எங்கை தம்பி? படத்திலை காட்டினவங்கள்," என்றார் அண்ணை.

ஒரு வளைவைத் தாண்டியதும் தெரிந்தது. மலைக்கும் தண்ணீருக்கும் இடையில் கிடைத்த இடத்தில் ஒரே வரிசையாக மரவீடுகள், சிவப்பும் மஞ்சளும் நீலமும். பாதி வீடுகள் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நின்றன. வெளியே இருந்து அந்த ஊருக்கு வர றோட்டே கிடையாது. கப்பலில் வரலாம், சிறிய விமானத்தில் வரலாம். உள்ளே ஒரு றோட்டு இருக்கிறது, அது கரையோரமாகக் கொஞ்சத் தூரம் போய்க் காட்டுக்குள் முடிந்துவிடுகிறது. கப்பலைக் கட்டி, நாங்கள் இறங்கிய பிறகு அண்ணாந்து பார்த்தேன். ஊரிலேயே உயரமான கட்டடம் நாங்கள் வந்த கப்பல்தான்.

இறங்குதுறையில் மஞ்சள் அங்கி போட்ட ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று வரவேற்றார்கள். ஒருவர் வயலின் வாசித்தார். கடைகளின் முன்னால் பூச்சாடிகள் தொங்கின. விளக்குக் கம்பங்களில் கழுகுகள் இருந்தன. எங்கள் பக்கத்துப் பிளாசாக்களின் கார் தரிப்பிடத்தில் கடற்புறாக்கள் நிற்குமே, அந்த அலட்சியத்தோடு இங்கே வெண்தலைக் கழுகுகள். ஒன்று குப்பைத்தொட்டியின் மூடியில் நின்று என் மனைவியின் கைப்பையை ஆராய்ந்தது.

"அப்பா, நான் றோட்டு முடியிற இடத்தைப் பாக்கப் போறன்," என்றாள் மகள்.

"றோட்டு முடிஞ்சா அங்கை என்ன இருக்கும்?"

"அதைத்தான் பாக்கப் போறன்."

அங்கே ஓர் ஓடை இருந்தது. அந்த மாதத்தில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து அந்த ஓடையில் ஏறிப்போகும் என்று கப்பலில் விளக்கப்படம் காட்டியிருந்தார்கள். ஒரு சின்ன பஸ் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, பிற்பகலில் திரும்ப ஏற்றிவரும். நான் பஸ் ஓட்டுகிற பெண்ணிடம் போய்க் கரடிகளைப் பற்றி விசாரித்தேன். இந்தக் கிழமை அவற்றுக்கு நிறைய மீன், மனிதர்களைக் கவனிக்க நேரமில்லை என்றார் அவர். இதைக் கேட்டு நான் ஆறுதல் அடையவில்லை.

"தம்பி, கரடிக்கும் எங்கடை பிள்ளையளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு," என்றார் அண்ணை. "கரடி கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும்."

மகள் அவருக்கு நாக்கை நீட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். நான் யன்னலடிக்குப் போனேன்.

"நாலரைக்குக் கப்பலிலை நிக்கவேணும். நாலரை எண்டா நாலு."

"நாலு எண்டா மூண்டரை. அப்பா, நான் உங்கடை மகள்."

பஸ் போய்விட்டது.

நானும் மனைவியும் ஊரைச் சுற்றினோம். கடலுக்கு மேல் கட்டிய பலகை நடைபாதைகள்தான் அங்கே தெருக்கள். காலடியில் பலகை இடுக்குகளுக்குள்ளே நட்சத்திர மீன்கள் ஊதா நிறத்தில் தூண்களில் ஒட்டிக்கிடந்தன. மீனைத் தகரப் பேணிகளில் அடைத்த பழைய தொழிற்சாலை ஒன்றை நூதனசாலையாக்கி வைத்திருந்தார்கள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தண்ணீர். ஒரு தேநீர்க் கடையில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வந்த கண்ணாடிக் குவளையில் வெறும் தேயிலைச் சாயத்தை ஊற்றி நிறைய நீர் கலந்ததுபோல ஒரு நிறம். ஆய்வுகூடத்தில் அப்படி ஒரு மாதிரி வந்தால் உடனே போன் எடுப்போம். கடைக்காரப் பெண் இப்படியான முகங்களைப் பலமுறை கண்டிருப்பார்போல. சீடர் மரங்களின் வேரும் சருகும் ஊறிய நிறம் அது, தாங்கள் பிறந்ததிலிருந்து அதைத்தான் குடிக்கிறோம் என்றார். நான் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்தேன், குடித்தேன். மழை பெய்த காட்டின் ருசி.

"இஞ்சாருங்கோ, லீவிலையும் தண்ணி ரெஸ்ற் பண்ணுறியளோ?" என்றாள் மனைவி.

ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அதுவரை அது நல்ல நாளாக இருந்தது.

மூன்றரைக்கு முதலே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். ஏறும் இடத்தில் எங்கள் அட்டைகளைக் கருவியில் காட்ட, அது எங்களுடைய படத்தைக் காட்டி ஒரு மணியோசை எழுப்பும். எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மூன்றாவது மணியோசைக்காக நான் அங்கேயே சும்மா நின்றேன். மதியத்திலிருந்து மகளிடமிருந்து செய்தி இல்லை. றோட்டு முடியிற பக்கம் போன் வேலை செய்யாது என்று தெரியும். தெரிந்தும் அவளுக்கு எழுதினேன். நானும் அவளும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொள்வோம். "வெளிக்கிட்டியோ?"

நான் கேட்டது, அங்கிருந்து புறப்பட்டுவிட்டாயா என்று.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "ஓம், வெளிக்கிட்டன்." பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

என் உடம்பு முழுவதும் ஒருதரம் இளகியது. அரை மணி நேரப் பாதை. வந்துவிடுவாள். அண்ணை சாப்பாட்டுக்கூடத்தில் பால் விடாத பிளேன்ரீயுடன் இருந்தார். நானும் ஒன்றை ஊற்றிக்கொண்டு அவர் முன்னால் இருந்தேன்.

"என்னவாம் பிள்ளை?"

"வெளிக்கிட்டிட்டாளாம்."

"பாத்தீரோ, சும்மா பதறினீர். உம்மடை முகத்தைப் பாத்துக் கப்பலே பதறிப்போய் நிக்குது."

பிறகு நாலேகால் ஆனது. நான் எழுதினேன், பதிலில்லை. போன் எடுத்தேன், மணி அடிக்கவேயில்லை. யன்னலால் பார்த்தால் இறங்குதுறை நனைந்து காலியாகக் கிடந்தது. கடைசியாக ஓடிவந்த சிலர் பைகளுடன் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். வாசிக்கிறவர் அதை மூன்று துண்டாக உடைத்து, நடுத்துண்டைத் தவறவிட்டு, மீண்டும் தொடங்கினார். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டதும் கோப்பையை வைத்தேன். அது என் பெயர். எங்கள் ஆட்கள் கனடாவுக்கு வந்து படிவம் நிரப்பியபோது தகப்பனின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகிவிட்டது. மகளைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காணாமல் போனவராக என் பெயர் கப்பலின் எல்லாத் தட்டுகளிலும், நீச்சல் தடாகத்திலும், கழிப்பறைகளிலும் ஒலித்தது.

கீழே ஏறும் வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்ற அதிகாரியின் கையில் இருந்த திரையில் ஒரே ஒரு படம். மகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"புறப்பட்டுவிட்டாள், வந்துகொண்டிருக்கிறாள்," என்றேன் ஆங்கிலத்தில். "செய்தி அனுப்பினாள்."

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். எப்போது அனுப்பினாள் என்று கேட்டார். சொன்னேன். பாதையின் தூரத்தை அவரும் அறிந்திருந்தார். அவர் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது, நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடைக்குப் போன பஸ் அவளில்லாமல் ஏற்கெனவே திரும்பியிருந்தது. புறப்பட்டிருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டும். புறப்பட்டும் வரவில்லை என்றால் வழியில் ஏதோ. ஒருபக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் ஒற்றை மண்றோட்டு, மழை. ஊரில் நான் வளர்ந்த யுத்த காலத்தில் "அவையள் வெளிக்கிட்டிட்டினம்" என்று பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னால் அங்கே ஆட்கள் இல்லை, பூட்டுத் தொங்குகிறது என்று அர்த்தம். வெளிக்கிட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியச் சில சமயம் மாதக்கணக்காகும். சிலரைப் பற்றித் தெரியவேயில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் எனக்கு எப்போதும் உண்டு. அதற்குள் அன்றைக்கு என் பிள்ளை நின்றாள்.

கப்பல் காத்திருக்காது என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். தண்ணீர் வற்றத் தொடங்கினால் அந்த ஒடுங்கிய வாயால் வெளியே போக முடியாதாம். கரையில் ஒரு முகவர் இருக்கிறார், பிந்தி வருபவர்களை அவர் பார்த்துக்கொள்வார். வேண்டுமென்றால் நான் இறங்கலாம், ஆனால் இப்போதே.

மனைவி வந்துவிட்டாள். கையில் மூன்று பாஸ்போட்டுகளில் இரண்டு, என் மருந்துப் பை, மகளின் ஸ்வெற்றர். அவள் எப்போது அறைக்குப் போனாள், எப்போது இதையெல்லாம் எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

"நானும் வாறன்," என்றாள் முதலில். பிறகு நின்றாள். "இல்லை. ரெண்டு பேரும் இறங்கினா உந்தச் சாமானை எல்லாம் ஆர் பாக்கிறது? நீங்கள் போங்கோ. அடுத்த ஊரிலை நிக்கிறன்."

"பயமில்லையோ உமக்கு?"

"இருக்கு. போங்கோ எண்டெல்லோ சொல்லுறன்."

நான் இறங்கினேன். என் அட்டைக்குக் கருவி மீண்டும் மணியோசை எழுப்பியது. நான் இறங்குதுறைப் பலகையில் கால் வைத்ததும் பின்னால் ஏறுபாலத்தை இழுத்தார்கள்.

முகவர் ஓர் இளம்பெண். இடுப்பில் வோக்கிரோக்கி, தலையில் பின்னல் தொப்பி. அவர் ஏற்கெனவே யாரையோ அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் மழையில் நின்று றோட்டைப் பார்த்தேன். கயிறுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. கப்பல் சத்தமில்லாமல் பக்கவாட்டில் விலகியது. முதலில் காலால் தாண்டலாம் போன்ற ஒரு கீற்றுத் தண்ணீர். பிறகு படகு வேண்டும். பிறகு எதுவும் செய்ய இயலாது. பல மாடிகள் கொண்ட ஒரு கட்டடம் என்னை விட்டுப் போவதைப் பார்ப்பது விநோதமாக இருந்தது. இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் என் மூளையின் ஒரு மூலை அதைக் கவனித்துக்கொண்டிருந்தது: கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் கலங்கவில்லை. அதே தேயிலைச் சாயம்.

நீல நிற பிக்கப் ஒன்று வளைவில் திரும்பி இறங்குதுறைக்கு வந்தது. பின்தட்டில் ஒரு நாய். உள்ளூர்க்காரர் யாரோ என்று அதைத் தாண்டி றோட்டைப் பார்த்தேன். அதிலிருந்து முழங்கால்வரை றப்பர் சப்பாத்தும், தொடைவரை தொங்கும் சாம்பல் ஸ்வெற்றரும் போட்ட ஓர் ஆள் இறங்கி என்னை நோக்கி ஓடிவந்தது. அந்த ஆளையும் தாண்டித்தான் பார்த்தேன்.

"அப்பா! நீங்கள் ஏன் இஞ்சை?"

"நீ ஏன் இஞ்சை?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வெளிக்கிட்டன் எண்டு சொன்னனீ! ஒரு மணித்தியாலத்துக்கு முன்னாலை வெளிக்கிட்டன் எண்டு எழுதினனீ!"

"வெளிக்கிட்டுத்தானே நிண்டனான்!" ஸ்வெற்றரை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். "பாருங்கோ!"

நான் பார்த்தேன். மார்பில் ஒரு மீன் படம். கைகள் விரலை மூடி இன்னும் மிச்சம் இருந்தன.

"உடுப்பு மாத்தினனான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டுகூட யோசிச்சன். லைக், அப்பா கமெரா பூட்டியிருக்கிறாரோ எண்டு."

"நான் கேட்டது, அங்கையிருந்து வெளிக்கிட்டியோ எண்டு."

"அங்கையிருந்து எண்டு எழுதேல்லையே. வெளிக்கிடுறது எண்டா டிரெஸ் பண்ணுறது. நீங்கள்தானே கீழை நிண்டு கத்துவியள்."

உண்மைதான். எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. உடுத்தித் தயாராவதும் வெளிக்கிடுவதுதான், வீட்டை விட்டுக் கிளம்புவதும் வெளிக்கிடுவதுதான். நான் கீழே நின்று கத்தியதெல்லாம் கிளம்புவதைப் பற்றி. மேலே கதவுக்குள் அவளுக்குக் கேட்டதெல்லாம் உடுப்பைப் பற்றி. அவள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் உடுத்து முடித்துவிட்டுத்தான் "வெளிக்கிட்டன்" என்றிருக்கிறாள்.

"உடுப்பு ஏன் மாத்தினனீ?" என்று அப்போதுதான் கேட்டேன்.

அவள் சப்பாத்தைப் பார்த்தாள். பிக்கப்பை ஓட்டிவந்த பெண்ணும் இறங்கி எங்களுக்குக் கிட்ட வந்து நின்றார். நரைத்த தலைமயிர், மேற்சட்டையில் காட்டுப்பழக் கறை.

ஓடையின் மேல் ஒரு மரம் விழுந்து பாலம்போல் கிடந்ததாம். அதன் நடுவில் நின்று பார்த்தால் மீன்கள் ஏறுவது நேர் கீழே தெரியுமாம். எல்லோரும் பஸ்ஸுக்குத் திரும்ப, கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று இவள் ஏறியிருக்கிறாள். பாசி பிடித்த மரம் உள்ளே உக்கியிருந்தது. கால் உள்ளே போய், ஆள் கீழே. தண்ணீர் நெஞ்சுவரை, ஐஸ் மாதிரிக் குளிர், இழுக்கிற தண்ணீர். ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். பழம் பிடுங்கிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணுக்கு நாய் குரைத்துத்தான் தெரிந்தது. கரையில் படுத்துக் கையைக் கொடுத்து இழுத்திருக்கிறார். பஸ் போய்விட்டது. பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுடுநீரில் நிற்கவைத்து, உலர்ந்த உடுப்புக் கொடுத்து, கணவர் பிக்கப்பைக் கொண்டு வரும்வரை அடுப்புக்கு முன்னால் இருத்தியிருக்கிறார். போன் கரையில் விட்ட பையில் நனையாமல் இருந்தது, அந்த வீட்டில் இணையமும் இருந்தது. என் கேள்வி போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

"ஏன் எழுதேல்லை எனக்கு?"

"எழுதினா நீங்கள் பதறுவியள் எண்டு. நேரத்துக்கு வந்து சேந்திட்டா சொல்லாமலே விட்டிருப்பன்," என்றாள்.

கப்பல் கட்டுகிற இரும்புக் கட்டை ஒன்று பக்கத்தில் இருந்தது. அதில் குந்திவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் நான் நினைத்துப் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நான் பழைய தொழிற்சாலையில் தகரப் பேணிகளைப் பார்த்து வியந்துகொண்டு நின்ற நேரத்தில் நடந்தது வேறொன்று. இப்போதும் காலையில் டவுன்டவுனுக்குப் போகும் ரயிலில் ஏரிக்கரை தெரியும்போது எனக்கு அந்த மரம் நினைவு வரும். நான் காணாத மரம், நான் காணாத ஓடை. கை தானாகப் போனைத் தேடும். மகள் வீட்டில் நித்திரையாக இருப்பாள், எனக்கு அது தெரியும். தேடும்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல முயன்றேன். ஆங்கிலம் வரவில்லை. அவர் என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டு, ஸ்வெற்றர் தன் கணவருடையது, அவருக்கு அது பிடிக்காது, திருப்பி அனுப்ப வேண்டாம் என்றார். நாயையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

போன் அடித்தது. மனைவி. கப்பல் வளைவை அடைந்துகொண்டிருந்தது. பின்தட்டில் ஏதோ ஒரு சின்ன உருவம் சிவப்பாக எதையோ ஆட்டியது.

"வந்திட்டாளோ?"

"வந்திட்டாள்."

மறுமுனையில் காற்றோடு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்று நினைக்கிறேன். பிறகு, "ராவு மருந்தைப் போட மறந்திடாதேங்கோ," என்றாள். பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. "தம்பியிட்டைச் சொல்லு பிள்ளை, அவரின்ரை பங்கு ஐஸ்கிறீமை நான் சாப்பிடுறன் எண்டு."

முகவர்ப் பெண் மறுநாள் காலை புறப்படும் நீர்விமானத்தில் இரண்டு இடம் பிடித்துத் தந்தார். ஒரு விடுதியையும் காட்டினார். அப்படித்தான் கப்பலில் வந்த ஊரில் கப்பல் இல்லாமல் நின்றோம்.

வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. வடக்கே கோடையில் மாலை முடியவே முடியாது. நானும் மகளும் நடந்தோம். கண் சும்மா இருக்கவில்லை. காலையில் நடந்த அதே தெரு. மஞ்சள் அங்கிகள் ஒரு வேலியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நகைக் கடைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் பலகைகளை உள்ளே எடுத்தன. காலையில் வயலின் வாசித்தவர் இப்போது எண்ணெய்ச் சட்டையுடன் ஒரு படகு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். எங்கே ஒளிந்திருந்தார்களோ தெரியாது, பிள்ளைகள் சைக்கிள்களில் தெரு நிறைய வந்தார்கள். ஒரு கிழவி வீட்டு உடுப்போடு நடுத்தெருவில் நின்று எதிர்வீட்டு யன்னலோடு கதைத்தார். காலையில் எங்களைப் பார்த்துச் சிரித்த ஊர் இப்போது எங்களைக் கவனிக்கவேயில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"அப்பா, இந்த ஊரும் காலமை வெளிக்கிட்டு நிண்டது, என்ன?" என்றாள் மகள். "இப்பதான் உடுப்பு மாத்துது."

"எந்த வெளிக்கிட்டது?"

"என்ரை வெளிக்கிட்டது."

கப்பல் நிற்கும் நேரத்தில் திறக்காத ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை அப்போது திறந்திருந்தது. உள்ளூர்க்காரர் நிறைந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பரிமாறுகிறவர், கப்பலைத் தவறவிட்ட ஆட்கள் நீங்கள்தானா என்று கேட்டார். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் எழுந்து வந்து மகளின் ஸ்வெற்றரைக் காட்டி, அது யாருடையது என்று தனக்குத் தெரியும், அந்த ஆள் அதை எத்தனையோ வருடமாகத் தொலைக்கப் பார்க்கிறார் என்றார். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு கையை ஸ்வெற்றருக்குள் இழுத்து மேசையில் வைத்தாள். நான் என் கையை அதன் மேல் வைத்தேன். சின்னப்பிள்ளையில் கையை இழுத்துவிடுவாள். அன்றைக்கு இழுக்கவில்லை.

"மரத்திலை ஏறினது பிழை," என்றாள் மெதுவாக. "பட், ஏறினா நல்லாத் தெரிஞ்சது அப்பா. தண்ணியே தெரியேல்லை. முழுக்க மீன். ஒண்டுக்கு மேலை ஒண்டு. முதுகு கிழிஞ்சு, செட்டை கிழிஞ்சு, அப்பவும் ஏறுது."

"றோட்டு முடியிற இடத்திலை வேறை என்ன இருந்தது?"

அவள் யோசித்தாள். "ஒரு போர்ட். 'றோட்டு முடிகிறது' எண்டு."

இருவரும் சிரித்தோம். நான் ஏச வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. அதை அன்றைக்கு ஏசவில்லை, பிறகும் ஏசவில்லை. இதை எழுதும்போது இன்னும் அது அங்கேதான் நிற்கிறது.

விடுதியில் அடுத்தடுத்த இரண்டு சின்ன அறைகள். என் அறைக் குழாயைத் திறந்து, வழக்கம்போலத் தண்ணீரைப் பார்த்தேன். அதே நிறம். கையில் ஏந்தியபோது, இந்தத் தண்ணீர்தான் அவளுடைய நெஞ்சுவரை நின்றது என்று தோன்றியது. காலையில் எடுத்த போத்தலை மழைக்கோட்டின் பையிலிருந்து எடுத்து அந்தத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டேன்.

காலையில் நீர்விமானத்துக்கு நேரமாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் அடுக்கி, சப்பாத்துக் கட்டி, ஒடுங்கிய நடைவழியில் அவளுடைய அறைக்கு வெளியே நின்றேன். கதவைத் தட்டப் போன கை நின்றது. வேறு சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, ஆனால் வாய் பழகிய வழியிலேயே போனது.

"வெளிக்கிட்டியோ?"

உள்ளே பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

"எது அப்பா? உங்கடையோ, என்ரையோ?"

"ரெண்டும்," என்றேன்.

கதவு திறந்தது. மீன் ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு, சப்பாத்தும் கட்டியபடி நின்றாள்.